நியூலின் செப்பு வேலைப்பாடு

நியூலின் செப்பு வேலைப்பாடு என்பது, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் பகுதியிலுள்ள நியூலின் என்னும் மீன்பிடித் துறைமுக ஊரில் செய்யப்பட்ட அலங்காரச் செப்புப் பொருட்களைக் குறிக்கும். 1890 ஆம் ஆண்டில் அங்கு தொடங்கப்பட்ட கைத்தொழில் வகுப்பிலிருந்து இது உருவானது. கலை கைவினை இயக்கத்தைச் சார்ந்த உலோக வேலைகளுள் இது நன்கு அறியப்பட்ட ஒன்றாகும்.

பின்னணி

இயந்திர உற்பத்தி, உழைப்பவனின் திறமையையும் மனநிறைவையும் பறித்துவிட்டது என்பது ஜான் ரஸ்கின், வில்லியம் மொரிஸ் ஆகியோரின் கருத்தாகும். இதனால் தூண்டப்பட்டு இங்கிலாந்தின் பல ஊர்களில் கைத்தொழில் வகுப்புகள் தோன்றின. நியூலினில் கொள்கையை விடத் தேவையே முன்னின்றது எனலாம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகுகள் கரையிலேயே நிற்க, மீனவர்கள் வருமானமின்றி இருந்தனர். அவ்வூரில் குடியேறியிருந்த ஓவியர்களுள் ஒருவரான ஜான் மக்கென்சி, அந்நாட்களில் அவர்களுக்கு ஒரு தொழிலைக் கற்பிக்க முனைந்தார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டி. பி. பொலித்தோ இதற்கு ஆதரவளித்தார்.

லண்டனில் சி. ஆர். ஆஷ்பீ 1888 இல் நிறுவிய கைவினைக் குழுமத்தில் பணியாற்றிய ஜான் பியர்சன், 1890களில் நியூலினில் பயிற்சி அளித்தார். அவருடைய தட்டுகளில் விந்தையான கற்பனை விலங்குகளும் பறவைகளும் காணப்படும். மீனவர்களோ தாம் நாள்தோறும் கண்ட மீன், நண்டு, சிப்பி, கடற்பாசி, பாய்க்கப்பல் ஆகியவற்றையே பெரிதும் வடித்தனர். நியூலின் பொருட்களை எளிதில் அடையாளம் காட்டுபவை இவ்வுருவங்களே.

செய்முறை

செப்புத் தகட்டில் முதலில் உருவம் வரையப்படும். பின்னர் கீல் போன்ற சற்று இளகும் பொருளின் மீது தகட்டைக் கவிழ்த்து வைத்து, முனை மழுங்கிய உளியாலும் சுத்தியலாலும் பின்புறத்திலிருந்து தட்டுவர். உருவம் முன்புறத்தில் புடைத்து எழும். அதன்பின் தகட்டைத் திருப்பி, செதில், துடுப்பு முதலிய நுண்கோடுகளை முன்புறத்திலிருந்து பதிப்பர். தட்டத் தட்டச் செம்பு இறுகிவிடும். மேலும் தட்டினால் வெடிக்கும். ஆகையால் இடையிடையே தகட்டைச் சூடாக்கி மீண்டும் மென்மையாக்குவது இன்றியமையாதது. சுத்தியல் தடங்கள் கையால் செய்ததற்குச் சான்றாகக் கருதப்பட்டதால், அவற்றை முற்றிலும் தேய்த்து அகற்றுவதில்லை.

இவ்வாறு தாம்பாளங்கள், கிண்ணங்கள், கூசாக்கள், பேழைகள், கண்ணாடிச் சட்டங்கள், மெழுகுவர்த்தித் தாங்கிகள் முதலியன செய்யப்பட்டன.

முத்திரையும் செய்தவர்களும்

தொடக்ககாலப் பொருட்கள் பலவற்றில் முத்திரை இல்லை. பிற்காலத்தவற்றில் ஊர்ப்பெயர் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. பியர்சன் தம் பெயரெழுத்துகளையும் ஆண்டையும் தம் வேலைகளில் பொறிப்பது வழக்கம். மீனவர்களுக்கு அவ்வழக்கம் இல்லாததால், உழைப்பவனைப் போற்றிய ஓர் இயக்கத்தின் பொருட்களாக இருந்தும், பெரும்பாலானவற்றைச் செய்தவர் யாரென்று கூற இயலாது. மக்கென்சி 1918 இல் இறந்தார். அருகிலுள்ள பென்சான்சு நகரின் பென்லி இல்ல அருங்காட்சியகத்தில் நியூலின் செப்புப் பொருட்களின் தொகுப்பு ஒன்று உள்ளது.