போனுக்கு பிளாஷ் போடும் முன் பில் கம்ப்யூட்டரைக் காப்பாற்றுங்கள்



சரக்கு ஆர்டர், பாக்கி விவரம், யு.பி.ஐ. வசூல் எல்லாம் இன்று செல்போனுக்குள் இருக்கின்றன. அந்தப் போன் ஒருநாள் கம்பெனி பெயரை மட்டும் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டால், "பிளாஷ் போட்டால் சரியாகிவிடும், கடைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுத் தருகிறேன்" என்று விவரம் தெரிந்த தம்பி யாராவது சொல்வார். சம்மதிக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

போன் இயங்குவதற்கான அடிப்படை சாப்ட்வேருக்கு பர்ம்வேர் என்று பெயர். அதை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரிலிருந்து புதிதாக ஏற்றுவதுதான் பிளாஷ் போடுவது. சாம்சங் போன்களுக்கு இதைச் செய்யும் விண்டோஸ் சாப்ட்வேர் 'ஓடின்'. இதை அந்நிறுவனம் பொதுமக்களுக்கென்று வெளியிடுவதில்லை. ஆகவே இன்டர்நெட்டில் கிடைத்த இடத்திலிருந்து பலரும் எடுக்கிறார்கள். அதோடு வைரஸும் சேர்ந்து வந்தால், நம் பில்லிங்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் என்ன ஆகும்?

இதற்கு ஒரு வழி, விர்ச்சுவல் மெஷின். அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே சாப்ட்வேரால் அமைக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். கடைக்குள் தடுப்புச் சுவர் வைத்துத் தனி அறை கட்டுவது போல. 'விர்ச்சுவல்பாக்ஸ்' என்ற இலவச சாப்ட்வேர் இதற்கு உதவும். அதற்குள் விண்டோஸ் 11 போட வேண்டுமானால் அதற்கென்றே குறைந்தது 4 ஜி.பி. மெமரியும் 64 ஜி.பி. டிஸ்க் இடமும் ஒதுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அறையை அப்படியே அழித்துவிடலாம். ஆனால் பொது போல்டர் வசதியை (இரண்டு கம்ப்யூட்டருக்கும் பைல் போய்வரும் வழி) திறந்து வைத்தால் சுவர் கட்டியும் பயனில்லை. கணக்கு உள்ள போல்டரை ஒருபோதும் பகிரக்கூடாது.

இதில் முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. சாதாரணமாக இருக்கும்போது போன் ஒரு அடையாள எண்ணைச் சொல்லும். பிளாஷ் செய்வதற்கான 'டவுன்லோட் மோடு'க்குப் போனதும் வேறு எண்ணைச் சொல்லும். உள் கம்ப்யூட்டர் பழைய எண்ணையே எதிர்பார்த்து நிற்க, போனை வெளிக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். கூகுள் பிக்சல் போன்களில் வேலையின் நடுவிலேயே போன் விலகி மீண்டும் சேரும். அப்போது தொடர்பு அறுந்தால் ஏற்றுவது பாதியில் நின்று, போன் உயிர் பெறாமலே போகலாம்.

இதற்குத்தான் யு.எஸ்.பி. பில்டர் என்ற வசதி. அதில் கம்பெனி எண்ணை மட்டும் வைத்து, பொருள் எண்ணைக் காலியாக விட வேண்டும். கோடவுன் காவலரிடம், "லாரி நம்பர் எதுவானாலும் சரி, இந்தக் கம்பெனி லாரி என்றால் உள்ளே விடு" என்று சொல்லி வைப்பது போல. பர்ம்வேரை ஏற்றும் முன், டவுன்லோட் மோடில் போனைச் செருகி, உள் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலும் கவனிக்க வேண்டியவை:

1. போனின் மாடல் எண்ணைப் பெட்டியில் பார்த்து, அதற்குரிய பர்ம்வேரையே எடுக்க வேண்டும்.

2. சாம்சங் பர்ம்வேரில் 'சி.எஸ்.சி.', 'ஹோம் சி.எஸ்.சி.' என இரண்டு பைல்கள் உண்டு. முதலாவது போனில் உள்ளதையெல்லாம் அழித்துவிடும். இரண்டாவது அழிக்காமல் ஏற்றுவதற்கானது. எதைப் போடுகிறார் என்று கேளுங்கள்.

3. போனில் போதிய சார்ஜ் இருக்கட்டும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் ஓடட்டும். நடுவில் கேபிளை அசைக்க வேண்டாம்.

4. போன் நன்றாக இருக்கும்போதே பெயர், நம்பர்களையும் வாட்ஸ்அப் ஆர்டர்களையும் பேக்கப் எடுத்து வைக்க வேண்டும்.

போன் செத்துக் கிடந்தாலும் கடையில் ஒட்டியுள்ள க்யூ.ஆர். அட்டை வழியாகப் பணம் வங்கிக்குப் போய்ச் சேரும். ஆகவே வசூல் நின்றுவிடுமோ என்று அவசரப்பட்டுப் போனை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். வாரண்டி உள்ள போனுக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரே சரி. வாரண்டி முடிந்த போனுக்கு, மேலே சொன்ன தனி அறையில் வேலை நடக்கட்டும். போன் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கணக்கு போனால் வாங்க முடியாது.