கஞ்சித் துணியில் கலந்த பாஷாணம்

அருங்காட்சியகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 'அனுமதி இல்லை' என்று எழுதிய கதவுக்குப் பின்னால் இருப்பதுதான். அப்படி ஒரு கதவைத் திறப்போம், வாருங்கள்! அமெரிக்காவின் டெலவேர் மாநிலம், வின்டர்தர் அருங்காட்சியகம், பழைய புத்தகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் கூடம். ஆண்டு 2019. நிபுணர் மெலிசா டெடோன் நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கிறார். கையில் என்ன கருவி தெரியுமா? முள்ளம்பன்றி முள்! வீட்டு அலங்காரம் பற்றி 1857இல் வந்த ஒரு புத்தகத்தின் அட்டையில் மெழுகு போல ஏதோ பிசுக்கு. அதை மெல்ல நோண்டுகிறார். பிசுக்கோடு அந்த அழகான பச்சையும் உதிர்கிறது.

சாயம் என்றால் நூலிழைக்குள் ஊறியிருக்கும், இப்படி உதிராது. எக்ஸ்-கதிர் பாய்ச்சிச் சோதித்தார்கள். செம்பு தெரிந்தது. கூடவே ஆர்சனிக், அதாவது பாஷாணம்!

மரகதப் பச்சை என்ற நிறமிதான் அது. 1775இல் சுவீடன் வேதியியலர் ஷீலே செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை செய்தார். 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் வினிகரின் அமிலமும் சேர, அதைவிடப் பளீரென்று இன்னொரு பச்சை பிறந்தது; அதுதான் மரகதப் பச்சை. ஐரோப்பா சொக்கிப்போனது. சுவர்த்தாள், கவுன், மெழுகுவர்த்தி, பொம்மை, எங்கும் அந்தப் பச்சைதான். புத்தக அட்டைக்குத் துணி செய்தவர்கள் அந்தப் பொடியைக் கஞ்சியில் குழைத்துத் துணியில் பூசினார்கள். அவ்வளவுதான் ரகசியம்! பூசியது உதிராமல் என்ன செய்யும்? அந்த அட்டைத் துணியில் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 1.42 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்தது.

புத்தகம் படித்தவர்களை விட, பொடியோடு வேலை செய்தவர்களை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது. லண்டனில் மட்டில்டா ஷூரர் என்ற பெண், வயது 19. செயற்கை இலைகளில் பச்சைப் பொடி தூவுவது அவள் வேலை. மூச்சிலும் சோற்றிலும் அது போயிற்று. 1861 நவம்பரில் இறந்தாள். கண்ணின் வெள்ளை பச்சையாகியிருந்தது. பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தாள். அடுத்த ஆண்டே வேதியியலர் ஹாஃப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார்: சீமாட்டி தலையில் சூடும் ஓர் இலைக்கொத்தில் இருபது பேரைக் கொல்லும் விஷம் உண்டு.

சரி, இப்போது அந்தப் பச்சைப் புத்தகங்களின் வேட்டைக்கு வருவோம்! வின்டர்தர் குழு தயாரித்த புத்தக அடையாள அட்டையில் அந்தப் பச்சையின் சாயல்களை அச்சிட்டிருக்கிறார்கள். அதை நூலகர்கள் அலமாரிப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். 1840கள் முதல் 1860கள் வரை வந்த துணிக்கட்டுப் புத்தகங்களே முதல் சந்தேகப் பட்டியல். முதுகை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வெளிச்சம் பட்டு அது பழுப்பாகியிருக்கலாம். அட்டையைப் பாருங்கள், அங்கே இன்னும் ஜொலிக்கும்! பாரிஸிலுள்ள பிரான்ஸ் தேசிய நூலகம் 2024இல் நான்கு புத்தகங்களை இப்படித் தனியே எடுத்து வைத்தது. கிடைத்ததும் கையுறை, மூடி ஒட்டும் பிளாஸ்டிக் பை, தனி அலமாரி. மேசையைத் துடைத்துவிட்டு, கை கழுவிவிட்டு அடுத்த புத்தகத்தைத் தொடலாம்.