புயலுக்கு நிற்கும் கொட்டகை

2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது, முத்தியால்பேட்டையில் எங்கள் மாட்டுக் கொட்டகையின் கூரை பறந்துவிட்டது. சவுக்குக் கால்கள் மட்டும் அசையாமல் நின்றன. காரணம் ஆராய்ந்ததில் கண்ட உண்மை இது: இறவாணத்தின் அடியில் புகும் காற்றே கூரையை மேலே தூக்குகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகிறது. ஆதலால் கீற்றின் கனத்தை நம்பலாகாது. கட்டையே நம்ப வேண்டும்.

மறுபடி நாங்களே கட்டினோம். கால்களின் அடிப்பாகத்திற்குத் தார் பூசி இரண்டு முழ ஆழத்தில் நட்டோம். கொட்டகையின் அகலத்தில் பாதியளவு முகட்டை உயர்த்தினோம், மழைநீர் தங்காது. இறவாணத்தைக் குறுக்கினோம். காலோடு விட்டத்தையும், விட்டத்தோடு கைமரத்தையும், கைமரத்தோடு வரிச்சையும் புதிய தேங்காய்நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்தோம். ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் நைந்த கட்டுகளை மாற்றி வந்தோம்.

2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. சில கீற்றுகள் போயின, கூரை நின்றது. ஆயினும் எச்சரிக்கை கேட்டதுமே மாட்டை அவிழ்த்து ஓட்டுத் தாழ்வாரத்தில் கட்டியிருந்தோம். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், வாயில்லா ஜீவனைக் கீற்றை நம்பி விடலாகாது அன்றோ?