தபாலுக்கு பின்கோடு, இ-மெயிலுக்கு என்ன?

தாராவி என்றால் 400017. மாட்டுங்கா 400019. செம்பூர் 400071. ஊரில் இருந்து கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த மும்பை தமிழர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம்.

இன்று நேர்முகத் தேர்வு அழைப்பு, தேர்வு நுழைவுச்சீட்டு, ரெயில் டிக்கெட், பேங்க் கணக்கு விவரம் என்று பலவும் இ-மெயிலில் வருகின்றன. கூடவே விளம்பரங்களும் வந்து குவிகின்றன. அந்தக் குவியலில் ஒரு முக்கியமான கடிதம் கண்ணில் படாமல் போனால், கைக்கு வந்த வேலையே நழுவிவிடும்.

வரும் இ-மெயிலைத் தானாகவே பிரித்து வைக்க வழி இருக்கிறது. தபால் பிரிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அது சுலபமாகப் புரியும்.

6 இலக்கத்தின் வேலை

பின்கோடு முறை 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. இதை வகுத்தவர், மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். இவர் சமஸ்கிருத அறிஞரும் ஆவார்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தன. முகவரிகளோ பல மொழிகளில் வந்தன. இந்தக் குழப்பத்துக்கு எண்களால் விடை கண்டார்கள்.

முதல் எண் மண்டலத்தைக் குறிக்கும். மராட்டியம் 4-ல் வரும். தமிழ்நாடு 6-ல் வரும். முதல் 3 எண்கள் தபால் பிரிப்பு மாவட்டம். கடைசி 3 எண்கள் பட்டுவாடா செய்யும் தபால் நிலையம்.

தாராவியில் இருந்து ஒருவர் தமிழில் முகவரி எழுதிப் போடுகிறார். பிரிக்கும் ஊழியருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் 627 என்று இருந்தால் கடிதம் நெல்லைக்குப் போகும் கட்டில் சேர்ந்துவிடும். பின்னர் 1993-ல் மும்பையில் தபாலைப் பிரிக்க எந்திரமும் வந்தது.

இ-மெயிலுக்கு விதி

இ-மெயிலில் பின்கோடு கிடையாது. "இன்னாரிடம் இருந்து வந்தால் இந்தப் பிரிவில் வை" என்று நாமே விதி எழுத வேண்டும். இதற்கு 'பில்டர்' என்று பெயர்.

ஜி-மெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்தால், மேலே தேடும் கட்டம் இருக்கும். அதன் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, அனுப்புகிறவரின் இ-மெயில் முகவரியை எழுதவேண்டும். பிறகு 'கிரியேட் பில்டர்' என்பதை அழுத்தி, 'வேலை', 'பேங்க்' என்று ஒரு லேபிள் கொடுக்கலாம். 'ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்ற கட்டளையும் அங்கே உண்டு. ஒரு முறை செய்தால் போதும். அதே பிரிப்பு செல்போனிலும் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

விளம்பரத் தொல்லை தாங்காமல், 'ஆபர்' என்ற ஆங்கிலச் சொல் உள்ள கடிதங்களை எல்லாம் அழித்துவிடும்படி ஒருவர் விதி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலைக் கடையின் தள்ளுபடி 'ஆபர்' ஒழியும். அதோடு கம்பெனி அனுப்பும் 'ஆபர் லெட்டர்', அதாவது வேலை உத்தரவும் குப்பைக்குப் போகும். 30 நாள் கழிந்தால் அங்கிருந்தும் மறைந்துவிடும்.

எந்திரத்துக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது. பின்கோடில் ஓர் எண் மாறினால் கடிதம் வேறு ஊருக்குப் பயணமாவதும் இப்படித்தான்.

ஆகவே, பொதுவான சொல்லை வைத்து விதி எழுதுவதை விட, அனுப்புகிறவரின் முழு முகவரியை வைத்து எழுதுவதே நல்லது. தொடக்கத்தில் எதையும் அழிக்கச் சொல்லாமல், தனியாக ஒதுக்கி வைக்க மட்டும் சொல்லவேண்டும்.

'பேங்க்' என்ற பிரிவில் வந்து விழுந்ததாலேயே அது பேங்க் அனுப்பிய கடிதம் ஆகிவிடாது. அனுப்புகிறவர் பெயரைப் போலியாகப் போடும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். ரகசிய எண்ணையோ, வேலைக்கு முன்பணமோ கேட்டால் கொடுக்கக் கூடாது.

வாரம் ஒரு முறை 'ஸ்பேம்' பெட்டியையும் பார்த்துவிடவேண்டும். அங்கும் 30 நாள்தான் தவணை. வேலைக்கு மனு போட்டுக் காத்திருப்பவர்கள் தினமும் பார்ப்பது நல்லது.