ஒப்புதல் மட்டும் நீதியாகுமா?

"விற்றவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் திருப்தி. பிறகு அநீதி எங்கிருந்து வந்தது?" கொடுக்கல் வாங்கல் பற்றிய ஃபிக்ஹுப் பாடத்தின்போது மாணவர் ஒருவர் இவ்வாறு வினவினார். வினா பொருளுடையதே. ஒருவர் பொருளை மற்றவர் முறைகேடாக உண்ணலாகாது, இருவரும் மனமொப்பிச் செய்யும் வணிகமே ஆகுமானது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் வரையறுக்கிறது. இன்றைய சந்தையும் மனமொப்புதலைத்தான் தன் அறமாகக் கூறிக்கொள்கிறது. கையொப்பமிட்டீர்கள், கைப்பேசித் திரையில் 'சம்மதம்' என்பதைத் தொட்டீர்கள், இனி முறையிட இடமில்லை என்கிறது.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பொருளீட்டும் ஒழுக்கங்களை விளக்கும் பகுதியில் இவ்வினாவுக்கு விடை தருகிறார்கள். அங்கே வணிகருக்கு இரண்டு படிகளைக் காட்டுகிறார்கள். முதற்படி அத்ல், அதாவது நீதி. அதற்கு நான்கு கடமைகள் உண்டு: பொருளில் இல்லாத சிறப்பைக் கூறலாகாது, உள்ள குறையை மறைக்கலாகாது, எடையையும் அளவையும் மறைக்கலாகாது, சந்தை விலையை மறைக்கலாகாது. நான்கும் அறிவைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மை அறியாதவரின் ஒப்புதல், ஒப்புதலின் தோற்றமே.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா எனக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்தது வணிகர் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

இரண்டாம் படி இஹ்ஸான், கடமைக்கும் மேலான நன்மை. இதற்குச் சான்றாக இமாம் அவர்கள் பஸ்ராவின் துணி வணிகர் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். அவர் தொழுகைக்குச் சென்றிருந்தபோது, 200 திர்ஹம் மதிப்புள்ள ஆடையை அவருடைய சகோதரர் மகன் நாட்டுப்புற அரபி ஒருவருக்கு 400 திர்ஹத்துக்கு விற்றுவிட்டார். வழியில் அவரைக் கண்ட யூனுஸ் விலையை விசாரித்துத் திரும்ப அழைத்தார். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்தியே என்றார் வாங்கியவர். யூனுஸ் விடாமல் அழைத்துச் சென்று 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் மனமொப்பித்தானே வாங்கினார் என்று வாதிட்ட இளைஞரிடம், உனக்கு எதை விரும்புவாயோ அதையே அவருக்கு விரும்பினாயா என்று கேட்டார். மாணவரின் வினாவை அந்த இளைஞர் அன்றே கேட்டுவிட்டார். விடையும் அன்றே கிடைத்துவிட்டது.

இந்நாட்டுச் சட்டமும் முதற்படியை நாடி வந்துள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கையொப்பமிட்ட ஒப்பந்தமும் நியாயமற்றதாக இருக்கக்கூடும் என ஏற்றது. இணைய வணிகத்தில் இல்லாத அவசரத்தைக் காட்டுதல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல், விலையைக் கடைசிவரை முழுமையாகக் காட்டாமை உள்ளிட்ட 13 ஏமாற்று உத்திகளை 2023இல் வெளியான வழிகாட்டு நெறிகள் தடுத்தன. வரவேற்க வேண்டியதே. ஆயினும் சட்டம் அத்லின் எல்லையில் நின்றுவிடும். 200 திர்ஹத்தைத் திருப்பித் தர எந்தச் சட்டமும் யூனுஸைக் கட்டாயப்படுத்தியிருக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பழைய இருசக்கர வண்டியை விற்றபோது, வாங்கியவர் கேட்கவில்லை என்பதால் அதன் குறையொன்றைச் சொல்லாமல் விட்டேன். அவர் திருப்தியோடுதான் ஓட்டிச் சென்றார். இது இரண்டாம் படியில் நேர்ந்த குறைவன்று. முதற்படியிலேயே நேர்ந்த சறுக்கல். அல்லாஹ் அத்லையும் இஹ்ஸானையும் ஏவுகிறான் என்னும் அந்நஹ்ல் அத்தியாய வசனத்தை ஜும்ஆ குத்பாவில் கேட்டுப் பழகிய காதுகள் நம்முடையவை. பள்ளியைவிட்டு இறங்கிக் கடைக்குத் திரும்பும்போதுதான் அவ்வசனம் நம்மிடம் கணக்குக் கேட்கத் தொடங்குகிறது.