வலையமைப்புப் பரீட்சை: காப்பை அடகு வைக்குமுன்

"மகள் உயர்தரம் எழுதிப்போட்டு நிற்கிறாள், பிள்ளை. கணனி வகுப்பிலை சி.சி.என்.பி. எண்டு ஒரு சோதினைக்குக் காசு கட்டச் சொல்லுகினம். காப்பை அடகு வைக்கட்டோ?"

பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் கூட்டங்களில் அண்மைக் காலமாக இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் கூற முடியாது. அந்தப் பரீட்சை எத்தகையது, அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதைத் தாயும் மகளும் சேர்ந்து அறிந்துகொள்வது நல்லது.

வங்கி, வைத்தியசாலை, தொலைபேசி நிறுவனம் எல்லாவற்றிலும் கணனிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. அனுப்பப்படும் செய்தி எந்தப் பாதையால் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் கருவியே ரவுட்டர். எமது பாடப்புத்தகங்கள் இதை வழிப்படுத்தி என்கின்றன. இக்கருவிகளைச் செய்யும் சிஸ்கோ என்ற அமெரிக்க நிறுவனம், அவற்றை இயக்கத் தெரிந்தவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் வழங்குகின்றது. 1984 இல் அந்நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சான்டி லேர்னர் என்ற பெண் என்பது பலருக்குத் தெரியாது.

அடிப்படைச் சான்றிதழ் சி.சி.என்.ஏ. அதற்கு ஒரு பரீட்சை, கட்டணம் 300 டொலர். அடுத்த படியான சி.சி.என்.பி.க்கு இரண்டு பரீட்சைகள். பொதுப் பரீட்சைக்கு 400 டொலர். தெரிவுப் பரீட்சைக்கு 300 டொலர். வழிப்படுத்தலை ஆழமாகச் சோதிக்கும் 'எனார்சி' இந்தத் தெரிவுப் பரீட்சைகளில் ஒன்று. வரி வேறாக வரும். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியதும், 60,000 ரூபா அளவில் இருந்த சி.சி.என்.ஏ. கட்டணம் சில வாரங்களில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. சித்தியடையாவிட்டால் பணம் திரும்பாது. 5 நாட்களின் பின் மறுபடியும் எழுதலாம், ஆனால் முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்டவேண்டும். சான்றிதழும் 3 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

2020 பெப்ரவரியில் விதிகள் மாற்றப்பட்டன. அதன்பின் சி.சி.என்.ஏ. இல்லாமலே சி.சி.என்.பி. எழுதலாம். இதைச் சொல்லித்தான் உயர்தரம் முடித்த பிள்ளைகளை நேரடியாக மேல்நிலை வகுப்பில் சேர்க்கின்றனர். ஆனால் அந்தப் பரீட்சை, துறையில் 3 முதல் 5 ஆண்டுகள் வேலை செய்தவர்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. எனது கருத்து இதுதான்: முதலில் சி.சி.என்.ஏ., பின் ஒரு வேலை, அந்தச் சம்பளத்தில் சி.சி.என்.பி. காப்பு கையிலேயே இருக்கட்டும்.

பாடம் அந்நியமானதல்ல. பாதை மூடினால் என்ன செய்வது என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்? 1990 களில் ஏ9 மூடியிருந்தபோது சனம் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியபோது கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்துக்கிடந்தது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரியால் மன்னாருக்குப் போகும் பாதையும் உண்டு. ஒரு பாதை அறுந்தால் மறு பாதையைக் கண்டுபிடிப்பதே ரவுட்டரின் தொழில்.

அதற்கு அது இரு விதமாகச் செய்தி சேகரிக்கின்றது. பழைய முறையான 'ரிப்', பக்கத்து ரவுட்டர் சொன்னதை நம்பி அடுத்ததற்குக் கடத்தும். துறைசார்ந்தோர் இதை வதந்தி முறை என்றே அழைப்பர். "கிளாலியிலை படகு ஓடுதாம்" என்று நான் உங்களுக்குச் சொல்ல, நீங்கள் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் என்னிடமே வந்து அதைச் சொல்ல, படகு நின்ற பிறகும் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். ரவுட்டர்களிலும் இதே கோளாறு ஏற்படும். அதனால்தான் செய்தி தந்தவருக்கே அச்செய்தியைத் திருப்பிச் சொல்லாதே என்று ஒரு விதி வைத்துள்ளனர். 16 தாவல் என்று கணக்கு வந்தால் அந்த இடத்துக்குப் பாதையே இல்லை என்று முடிவு செய்வதும் இதற்காகத்தான்.

மற்றைய முறை 'ஓ.எஸ்.பி.எப்.' இதில் ஒவ்வொரு ரவுட்டரும் தான் நேரில் காணும் பாதைகளை மட்டுமே அறிவிக்கும். அவற்றைச் சேர்த்து ஒவ்வொன்றும் முழு வரைபடத்தையும் தானே கீறி, செலவு குறைந்த பாதையைக் கணிக்கும். கணிக்கும் வழியை டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்து அறிஞர் 1959 இல் வெளியிட்டார்.

இரு செய்திகள் முரண்பட்டால் யார் சொல் எடுபடும்? அதற்கும் எண் உண்டு. நேரடியாக இணைந்த பாதைக்கு 0, கையால் எழுதிய பாதைக்கு 1, ஈ.ஐ.ஜி.ஆர்.பி.க்கு 90, ஓ.எஸ்.பி.எப்.க்கு 110, ரிப்புக்கு 120. எண் குறைய நம்பிக்கை கூடும். வதந்திக்கு இங்கும் கடைசி இடம்தான்! இவ்வெண்கள் மனப்பாடமாக இருக்கவேண்டும்.

ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது. எனார்சியில் பெரும் பகுதி, பழுதான வலையமைப்பைக் காட்டி எங்கே பிழை என்று கேட்பது. இரண்டு ரவுட்டர்கள் அயலவராகச் சேர மறுக்கின்றன, ஏன்? ஒன்று 10 செக்கனுக்கு ஒருமுறை வணக்கம் சொல்ல, மற்றையது 30 செக்கன் என்று வைத்திருக்கலாம். பகுதி எண் வேறாகலாம், கடவுச்சொல் பிழைக்கலாம். இவற்றைத் தானே உடைத்துத் தானே திருத்திய கைக்குத்தான் பரீட்சையில் விடை வரும்.

அந்தப் பயிற்சிக்குக் காசு தேவையில்லை. சிஸ்கோவின் 'பக்கெற் ட்ரேசர்' மென்பொருளைப் பதிவு செய்து இலவசமாகப் பெறலாம். சாதாரண மடிக்கணனியில் பத்து ரவுட்டர்களைத் திரையில் வைத்து இணைக்கலாம். சி.சி.என்.ஏ.க்கு இது தாராளம். மேல்நிலைக்கு 'ஜி.என்.எஸ்.3' என்ற இலவச மென்பொருள் உதவும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது: ஒருத்தி வலையமைப்பைக் கட்டி இரகசியமாக ஒரு பிழையை வைக்கட்டும், மற்றவள் கண்டுபிடிக்கட்டும். வகுப்பறைச் சூழல் வேண்டுவோர், 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கிய இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடநெறிகளை விசாரிக்கலாம்.

முகவரிக் கணக்கைத் தாளில் செய்து பழகவேண்டும். /26 என்றால் 64 முகவரிகள், அவற்றில் கருவிகளுக்குக் கிடைப்பவை 62 என்று கண்ட மாத்திரத்தில் வரவேண்டும். தினமும் அதிகாலையில் அரை மணித்தியாலம் போதும்.

பரீட்சை தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். கட்டளைச் சொற்கள் சிலவே, அவை கைப்பழக்கத்தில் வந்துவிடும். நீண்ட வினா வசனங்கள்தான் காலை வாரும். "எது அல்ல", "எவை இரண்டு" என்ற சிறு சொற்களைத் தவறவிட்டே பல புள்ளிகள் போகின்றன. கடந்த வினாவுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. ஆகவே சிஸ்கோவின் விளக்கப் பக்கங்களை ஆங்கிலத்திலேயே, மெதுவாக, அகராதியோடு வாசிப்பது நல்லது.

இன்னொன்று. "வரப்போகும் வினாக்கள் எங்களிடம் உண்டு" என்று விற்பவர்கள் இருக்கின்றனர். அது களவுப் பொருள். பிடிபட்டால் சான்றிதழை இரத்துச் செய்து, மறுபடி எழுதவும் தடை விதிப்பர். பிடிபடாமல் தப்பினாலும் நேர்முகத்தில் ஒரு ரவுட்டரின் முன் இருத்தியதும் வெளுத்துவிடும். காப்பை அடகு வைத்து இதை வாங்கிய குடும்பங்களும் எம்மிடையே உண்டு.

சான்றிதழ் கிடைத்ததும் வேலை கதவைத் தட்டாது என்பதையும் சொல்லவேண்டும். வேலைகள் பெரும்பாலும் கொழும்பில். வலையமைப்பைக் கண்காணிக்கும் நிலையங்களில் இரவு முறையும் உண்டு. தங்குமிடம், போக்குவரத்து எல்லாவற்றையும் பரீட்சைக்குப் பதியுமுன் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

2020 முதல் வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் கதவு மூடிய அறை வேண்டும். கமெரா முழு நேரமும் பார்க்கும். குழந்தை உள்ளே ஓடிவந்தாலோ மின்சாரம் போனாலோ பரீட்சை நின்றுபோகலாம். ஒரே அறை வீட்டில் இருப்போர் பரீட்சை நிலையத்துக்குப் போவதே பாதுகாப்பு.

பதியும் பெயர், அடையாள ஆவணத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்களோடு அப்படியே பொருந்தவேண்டும். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து மறுபடி எடுத்த பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருக்கின்றது. திருத்தம் செய்ய மாதங்கள் ஆகலாம். படிக்கத் தொடங்கும் வாரத்திலேயே பிரதேச செயலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.