பிரேக் ஆயிலுக்கும் வயது உண்டு
வாகனக் கடனில் எஸ்.யு.வி. வாங்கிய நம்மில் பலர் தவணைத் தேதியை மறப்பதில்லை. பிரேக் ஆயில் மாற்றும் தேதியை மறந்துவிடுகிறோம். மிதியில் நாம் தரும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது இந்த ஆயிலே. காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் அது 155 அளவுக்கு இறங்கக்கூடும்.

முசூரி போன்ற மலைப்பாதைகளில் எடைமிகுந்த வண்டி இறங்குகையில், தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றும். குமிழ்கள் அமுங்குமேயன்றி அழுத்தத்தைக் கடத்தா. மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

ஆகவே, இறக்கத்தில் குறைந்த கியரில் செல்வோம். கையேடு குறிக்கும் காலத்தில், பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆயிலை மாற்றுவோம். தேய்மானச் செலவை மோட்டார் காப்பீடு ஏற்பதில்லையாதலால், இதனைக் குடும்ப வரவுசெலவில் முன்னரே சேர்த்துக்கொள்வோம்.